மா. கருப்பம்மாள் இரண்டு பேர்

வடக்குக் காலனி,
ஜூன் 9

என் அன்புச் சின்னவளுக்கு,

உன் பெரியவள் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதை விடு. உனக்குத் தலைச்சுற்றல் நின்றதா? சட்டசபையில் ஏசி போட்டு வைத்திருக்கிறார்களாமே, காதில் பஞ்சு வைத்துக்கொள். மெட்ராஸ் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

போன் போட்டால் உன் பி.ஏ. கனகசபாபதிதான் எடுக்கிறார். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். நாலு வருஷமாக ஒரே மீட்டிங்கா என்று கேட்டேன், வைத்துவிட்டார். அதனால்தான் நீ ஹாஸ்டலில் படித்த காலம் மாதிரி மறுபடியும் கடுதாசி.

தபால்காரர் உனக்கு வருகிற மனுக்களை என் வீட்டில் போட்டுவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? குலசாமி பேரை எனக்கும் வைத்தார்கள், உனக்கும் வைத்தார்கள். என் அப்பா மாரிக்கண்ணன், உன் அப்பா மாடசாமி. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் 'மா'. உறையில் மா. கருப்பம்மாள் என்று இருந்தால் அவர் எந்தக் கருப்பம்மாளைக் கண்டார்? பென்ஷன், பட்டா, சாக்கடை என்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய வந்துவிட்டது. படித்துப் பார்த்து, கட்டாகக் கட்டி, டவுனில் உன் போர்டு மாட்டியிருக்கிற கட்டடத்தில் மாதம் ஒரு தடவை கொடுத்துவிட்டு வருகிறேன்.

என் மனுவையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். காலையில் ஏழு மணிக்கு மெயின் ரோட்டு முக்கில் கம்பெனி வேன் நிற்கும். அதுவரைக்கும் ஓடைக்கரை வழியாக இரண்டு கிலோமீட்டர் நடை. போன வாரம் முருகம்மாளுக்குச் செருப்பு அறுந்து மூன்று நிமிஷம் பிந்திவிட்டாள். வேன் போய்விட்டது, அன்றைக்கு வேலையும் போய்விட்டது. ஓட்டுக் கேட்டு வந்தபோது அவள் கையைத்தானே பிடித்துக்கொண்டு சொன்னாய், "மதினி, ஆபீசுக்கு பஸ் விடுறேன், நீக இனிமே நடக்க வேண்டாம்" என்று? நாங்கள் ஆபீசுக்குப் போக, காலனிக்குள் பஸ் வர வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

பாசமுள்ள அக்கா,
மா. கருப்பம்மாள்


சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்,
ஜூன் 25
மனு எண்: 1147

திருமதி மா. கருப்பம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்களது 9ஆம் தேதியிட்ட மனு கிடைக்கப்பெற்றது. மனுவில் கண்ட முழங்கால் வலி தொடர்பான கோரிக்கை மருத்துவத் துறைக்கும், ஆபீஸ் சென்றுவரப் பேருந்து வசதி வேண்டும் கோரிக்கை போக்குவரத்துத் துறைக்கும் உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளன. சட்டமன்றத்தின் குளிர்சாதன வசதி குறித்த தங்கள் ஆலோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது.

இப்படிக்கு,
கனகசபாபதி,
நேர்முக உதவியாளர்


எம்.எல்.ஏ. விடுதி, சென்னை,
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா?

உன் கடிதத்துக்கு மனு எண் போட்டதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. கனகசபாபதியைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல மனுஷர், ஆனால் எழுத்தில் எது வந்தாலும் அவருக்கு அது மனுதான். போன மாதம் கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் சமூக நலத்துறைக்கு அனுப்பிவிட்டார்.

சபையில் எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். பாதாளச் சாக்கடையைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது நிமிஷத்திலேயே மணி அடித்துவிட்டார்கள். அக்கா, கவுன்சிலராக இருந்தபோது குழாயடியில் நின்று எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்! இங்கே என்னைத் திட்டுவதற்கு ஆள் இல்லை. எல்லோரும் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்கள் நடுவில் எது சரி எது தப்பு என்றே தெரியமாட்டேன் என்கிறது. நீ எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு என்னை வக்கீலாக்கி அனுப்பினாய். அந்த நினைப்பு வராத நாள் இல்லை.

பஸ் விஷயத்தைக் கனகசபாபதி பார்த்துக்கொள்வார். ஆடி முடிந்ததும் காலனிக்கு வருகிறேன். கருவாட்டுக் குழம்பு வை.

உன் சின்னவள்


எம்.எல்.ஏ. விடுதி, சென்னை,
நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகந்தானே? தைலம் தீர்ந்திருந்தால் சொல். ஆடி முடிந்தும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். அதனால்தான் உன்னிடமிருந்து கடிதம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? கமிட்டிச் சுற்றுப்பயணம் என்று நீலகிரிக்கும் கன்னியாகுமரிக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் கோபமெல்லாம் பறந்துவிடும். உன் பஸ் வந்துவிட்டது! பன்னிரண்டாம் தேதியிலிருந்து தினமும் காலனிக்குள் வரும். கையெழுத்தெல்லாம் முடிந்து, சூலக்கரையில் வைத்து நானே கொடியசைத்துவிட்டேன். டிரைவருக்கு மாலை போட்டேன். முருகம்மாள் மதினியிடம் சொல், இனிமேல் அவளுடைய செருப்பு அறுந்தால் என்ன, அறுகாவிட்டால் என்ன!

ஆண்டவன் புண்ணியத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனது நிறைந்திருக்கிறது.

உன் சின்னவள்


வடக்குக் காலனி,
நவம்பர் 28

சின்னவளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

பன்னிரண்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு ஆரத்தித் தட்டோடு நின்றோம். நான், முருகம்மாள், பாலம்மாள், எங்கள் பேக்கிங் ஷெட்டுப் பெண்கள் அத்தனை பேரும். ஏழு மணியாச்சு, வேன் போயிருக்கும் என்று தெரிந்தும் நகரவில்லை. எட்டு ஆச்சு. சூடம் கரைந்து இன்னொரு சூடம் வைத்தோம். ஒன்பதே காலுக்கு பஸ் வந்தது. போர்டைப் பார்த்தால் 'கலெக்டர் ஆபீஸ், சூலக்கரை' என்று இருக்கிறது.

கண்டக்டர் இறங்கி, "ஏறுங்கம்மா, ஆபீசு பஸ்ஸு உங்களுக்காகத்தான விட்ருக்காக" என்றான். பாலம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏலே, அங்கன போயி நாங்க என்ன கலெக்டருக்கா சரவெடி பின்னப் போறோம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு இருபது பேருக்கும் வேலை போச்சு. அந்த பஸ் இன்றைக்கு வரைக்கும் வருகிறது. காலியாக வந்து காலியாகப் போகிறது.

இந்தச் சீமையில் ஆபீஸ் என்றால் என்ன, சின்னவளே? பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். வேறு எந்த ஆபீசை நமக்குத் தெரியும்? கனகசபாபதி தஞ்சாவூர்க்காரர், அவருக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? உன் அம்மா இருபத்தாறு வருஷம் எங்கே போய்விட்டு வந்தாள்? நீ மூன்றாவது படிக்கும்போது புது வாத்தியார் அம்மா எங்கே என்று கேட்க, நீ "ஆபீசுக்குப் போயிருக்கா சார்" என்றாய். பெரிய உத்தியோகக்காரி மகள் என்று நினைத்து அவர் உன்னை முன் பெஞ்சில் உட்காரவைத்தார். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்தப் பிள்ளைக்கு ஆபீஸ் என்றால் கலெக்டர் ஆபீஸ் ஆகிப்போச்சா?

எனக்கு வந்த கோபத்தை இதற்கு மேல் எழுதினால் தாள் கிழிந்துவிடும். சாப்பிட்டுத் தூங்கு.

பெரியவள்


சென்னை,
ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்ததா? சேலை கிடைத்ததா? உனக்குப் பிடித்த அரக்குக் கலர்.

உன் கடிதத்தைப் படித்ததும் காரிலேயே அழுதுவிட்டேன். அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்து. 'ஆபீஸ் பஸ்' என்று மேலே எழுதியிருந்தது, சந்தோஷமாகப் போட்டுவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கவில்லை. தப்புத்தான், அக்கா.

இப்போது மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து புதுக் கோப்புப் போட வேண்டுமாம். தேர்தல் நெருங்கிவிட்டது, யாரும் புதுசாக எதிலும் கைவைக்க மாட்டார்கள். எனக்கு மறுபடி சீட்டுக் கிடைக்குமா என்பதே தெரியவில்லை. தினமும் கட்சிப் பெரியவர் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஜெயித்து வந்ததும் முதல் கையெழுத்து உன் பஸ்ஸுக்குத்தான். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். ஷெட்டுப் பெண்களிடமும் நீயே எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் சின்னவள்


வடக்குக் காலனி,
பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

இங்கே அனைவரும் நலம். சேலை கிடைத்தது. நல்ல சேலை.

ஷெட்டில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

காண்ட்ராக்டர் பெத்தணன் நேற்று வீட்டுக்கு வந்திருந்தான். உனக்கு எதிராக நிற்கப்போகிறவரின் ஆள், உனக்குத் தெரியுமே. குசலம் விசாரித்தான், காப்பி குடித்தான், போய்விட்டான். வேறு விசேஷமில்லை.

மெட்ராசில் வெயில் ஆரம்பித்திருக்கும். மோர் குடி.

பெரியவள்


ஏப்ரல் 7, காலை

அக்கா,

நலம் கேட்க நேரமில்லை, மன்னித்துக்கொள். இதை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று வேட்பாளர் பட்டியல் வந்தது. பதினாலாவது பேரைப் பார்த்ததும் என் பேரை இரண்டு தடவை அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மா. கருப்பம்மாள், சுயேச்சை. கீழே உன் முகவரி.

ஏன் அக்கா? போன தடவை வெறும் எழுநூறு ஓட்டில் ஜெயித்தவள் நான். ஒரே பேர், ஒரே இனிஷியல். குழப்பத்தில் ஆயிரம் பேர் உனக்குக் குத்தினால் என் கதை முடிந்தது. கட்சியில் எல்லோரும், "உங்க அக்காவை எம்புட்டுக்கு வாங்கினாக?" என்று என் மூஞ்சிக்கு நேராகக் கேட்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றாத குறை. உன்னை யாரும் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

நாளை மறுநாள் மூன்று மணிக்குள் வாபஸ் வாங்கலாம். கனகசபாபதி படிவம் கொண்டுவருவார். எனக்காக ஒரு கையெழுத்து, அக்கா.

சின்னவள்


வடக்குக் காலனி,
ஏப்ரல் 7

சின்னவளுக்கு,

டிரைவரை உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறேன். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் எழுதுகிறேன். நீ சாப்பிட்டாயா?

பெத்தணன் அன்றைக்கு வந்தது குசலம் கேட்க இல்லை. "நீக ஒண்ணுமே செய்ய வேண்டாம்க்கா, உங்க பேரு மட்டும் போதும்" என்றான். நான் விளக்குமாற்றைத் தேடினேன், அதற்குள் ஓடிவிட்டான். அவனிடமிருந்து ஒரு தம்ளர் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவன் குடித்த காப்பியும் என் வீட்டுக் காப்பிதான்.

இதை ஷெட்டில் சொன்னேன். முருகம்மாள் வெடிக்குக் காகிதம் சுற்றிக்கொண்டே, "மனுவுல உன் பேரப் பாத்தா நம்பர் போடுறாக. ஓட்டுல உன் பேரப் பாத்தா வீடு தேடி வாராக. அம்புட்டு பெரிய பேரா தாயீ உன் பேரு? அப்ப நமக்காக நில்லேன்" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒரு ஆள் போதுமாம், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டுமாம். பத்துப் பேரும் ஒரே ஷெட்டு. கேரம் போர்டுச் சின்னம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாழ்க்கையில் நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

உன்னைத் தோற்கடிக்க எனக்கு ஆசையா? நீ என் மடியில் வளர்ந்த பிள்ளை. வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அது என் கையெழுத்து மட்டும் இல்லை, பத்துப் பேர் கையெழுத்து. நீ வா. வந்து அவர்கள் முன்னால் உட்கார்ந்து, "தப்புப் பண்ணிட்டேன் மதினி" என்று ஒரு வார்த்தை சொல். அப்புறம் அவர்களே என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையெழுத்துப் போடவைப்பார்கள். கனகசபாபதியை அனுப்பாதே.

பெரியவள்


வடக்குக் காலனி,
மே 10

என் தங்கத்துக்கு,

எப்படி இருக்கிறாய்? தூங்குகிறாயா? போன் போட்டேன், யாருமே எடுக்கவில்லை.

கனகசபாபதி ஆப்பிளும் படிவமுமாக வந்தார். பத்துப் பேரும் வேலைக்குப் போகாமல் உனக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர் நல்லவர்தான், பாவம், வேர்த்து வழிய நின்றார். ஆப்பிளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம், படிவத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்று மணி வரைக்கும் உன் கார் வருகிறதா என்று ஓடைக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்நூற்றுத் தொண்ணூற்றொரு ஓட்டில் போய்விட்டாயாமே. எனக்கு அறுநூற்று நாற்பத்தொன்று. டவுன் முழுக்க, "அக்காக்காரியே தங்கச்சியக் கவுத்துட்டா" என்று பேச்சு. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பேர்க் குழப்பத்தில் உன் ஓட்டை நான் தின்றுவிட்டேன் என்கிறார்கள். அன்றைக்கு அந்தப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் பெரியவள்


விருதுநகர்,
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தலைச்சுற்றல் ஆச்சரியமாக நின்றுவிட்டது. கனகசபாபதி வேறு ஒரு எம்.எல்.ஏ.விடம் போய்விட்டார், இப்போது என் போனை நானே எடுக்கிறேன். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

உன் கடிதத்தைப் பன்னிரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அவ்வளவு கோபம். பேர்க் குழப்பத்தால்தான் தோற்றேன் என்று கட்சிக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று பூத் வாரியாக ஓட்டுக் கணக்கு வாங்கினேன். நீ வாங்கிய அறுநூற்று நாற்பத்தொன்றில் டவுன் முழுக்கச் சிதறி விழுந்தது இருநூற்று மூன்று. அதுதான் குழப்பத்தில் விழுந்த ஓட்டு. அது முழுவதும் எனக்கு வந்திருந்தாலும் நான் தோற்றுத்தான் இருப்பேன்.

மீதி நானூற்று முப்பத்தெட்டும் நம் காலனிப் பூத். அக்கா, அங்கே யாருக்குக் குழப்பம்? பெரிய கருப்பம்மா யார், சின்னக் கருப்பம்மா யார் என்று அங்கே தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். பேரை மாற்றிக் குத்தவில்லை, ஆளைப் பார்த்துக் குத்தியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

ஏப்ரலில் நான் வராததற்குத் தலைவர் கூட்டம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். ஓடைக்கரை முக்கு வரைக்கும் வந்தேன். முருகம்மாள் மதினி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வெட்கமாக இருந்தது. காரைத் திருப்பச் சொல்லிவிட்டேன். அந்த வெட்கத்தால்தான் என் பதவி போனது, உன்னால் இல்லை. நீ அழாதே.

திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கிற நாள். காலையில் காலனிக்கு வருகிறேன். முதலில் பத்துப் பேரிடமும் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் எல்லோருமாக அந்த ஒன்பதே கால் பஸ்ஸில் ஏறிச் சூலக்கரைக்குப் போய், மற்றவர்களோடு வரிசையில் நிற்போம். மனுவை இந்தத் தடவை நான் எழுதுகிறேன். 'பட்டாசு ஆபீஸ்' என்று முழுசாக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நம் காலனிப் பூத்தில் எனக்கு விழுந்தது இரண்டே ஓட்டு. ஒன்று என்னுடையது, அம்மா வீட்டு முகவரியை மாற்ற மனசில்லாமல் அங்கேயே வைத்திருக்கிறேன். இன்னொன்று யார் போட்டது? நானூற்றுச் சொச்சம் பேர் ஒரு பக்கம் நிற்கும்போது ஒரே ஒரு ஜீவன் எனக்குப் போட்டிருக்கிறது. அது யார் என்று தெரிந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன்.

உன் சின்னவள்


வடக்குக் காலனி,
ஜூன் 5

என் சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. முழங்கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது. திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வா. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன், இட்லிக்கு நன்றாக இருக்கும். முருகம்மாளிடம் நீ வருவதைச் சொன்னேன். "வரட்டும், வச்சுக்கிடுறேன்" என்றாள். சொல்லிவிட்டு நேராக உனக்கு முறுக்குச் சுடப் போய்விட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடு.

மிஷினில் நீ மேலே இரண்டாவது, நான் கீழே பதினாலாவது. கேரம் போர்டு வரைக்கும் விரலைக் கொண்டுபோய்விட்டேன். மேலே உன் போட்டோ. கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கண்ணைச் சுற்றிக் கறுத்து, விறைப்பாக இருந்தாய். பிள்ளை காலையில் சாப்பிட்டாளோ என்னவோ என்று நினைத்தேன். விரல் தானாக மேலே போய்விட்டது.

நீ யார் காலிலும் விழ வேண்டாம். பத்துப் பேரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது நீயும் வாய்தவறிச் சொல்லிவிடாதே.

உன் அக்கா,
மா. கருப்பம்மாள்